ஏழைக்காக அழ எளிய வழிகள்

நொறுக்குத் தீனிக்கு வரி ஏற்றப் போகிறார்களாம் என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்தி வரும். 2025 ஜனவரியில் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே, அளவுக்கு மீறிப் பதப்படுத்திய தின்பண்டங்களுக்குச் சுகாதார வரி என்று கூடுதலாக ஒன்று போட்டுப் பார்க்கலாம் என யோசனை சொன்னது. அப்படிச் செய்தி வந்த அரை மணி நேரத்துக்குள் நீங்கள் களத்தில் இறங்கியாக வேண்டும். வரி நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அப்புறம். ஏழையின் பக்கம் நிற்பவர் நீங்கள்தான் என்று முதலில் நாலு பேருக்குத் தெரியட்டும். ஏற்கெனவே நன்றாகத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் மெருகேற்றத்தான் இந்தக் கையேடு. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கலாம்.

1. நல்ல ஏழையாகப் பார்த்து எடுங்கள்

முதல் தேவை ஓர் ஏழை. பெயர், ஊர், குரல் மூன்றும் இல்லாதவராக இருப்பது உத்தமம். 'சாமானியன்', 'அன்றாடங்காய்ச்சி', 'கடைக்கோடி மனிதன்' ஆகியோர் பல ஆண்டுகளாக மேடைகளில் உழைத்துப் பழகியவர்கள். தயங்காமல் கூப்பிடுங்கள், வருவார்கள்.

தெரிந்த ஏழையிடம் மட்டும் போகாதீர்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம் கருத்துக் கேட்டால், அவர் வரியைப் பற்றிப் பேச மாட்டார். வீட்டுக்காரருக்குச் சுகர் முந்நூறைத் தாண்டியது, காலில் புண் ஆறாதது, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஒரு நாள் கூலி போவது என்று ஆரம்பிப்பார். நடுவிலேயே, "அஞ்சு ரூபா குடுத்தாத்தான் சின்னது பள்ளிக்கூடத்துக்கே கிளம்புது" என்றும் சொல்லிவைப்பார். இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்கிற ஏழையை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?

2. கணக்கைப் பாதியில் நிறுத்துங்கள்

கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கிறவரும் 1,20,000 சம்பாதிக்கிறவரும் ஒரே பாக்கெட்டை வாங்கி ஒரே இரண்டு ரூபாய் வரி கட்டினால், முன்னவருக்கு அது பத்து மடங்கு பாரம். இதை யாராலும் மறுக்க முடியாது. கூடவே 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை எடுத்துப் போடுங்கள். கிராமத்துக் குடும்பம் நூறு ரூபாய் செலவழித்தால் அதில் 47 ரூபாய் சாப்பாட்டுக்கே போகிறது, நகரத்தில் ஏறக்குறைய 40. பானம், தின்பண்டம், பதப்படுத்திய உணவு என்ற ஒரு தலைப்புக்கு மட்டும் கிராமத்தில் சுமார் 10 ரூபாய், நகரத்தில் 11. இந்தத் தலைப்புக்குள் டீயும் கடையில் சாப்பிடும் சாப்பாடும் அடக்கம் என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுங்கள். அடுத்த வரிக்குப் போனால் இதே கணக்கு வியாதிக்கும் பொருந்தித் தொலைக்கும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஒரு காலத்தில் பணக்கார வியாதி என்று பெயரெடுத்தது இப்போது எல்லாத் தெருவுக்கும் வந்துவிட்டது. 12,000 ரூபாய்க்காரருக்கு மாத்திரையும் பத்து மடங்கு பாரம்தான், ரத்தப் பரிசோதனையும் பத்து மடங்குதான். வாங்காமல் விட்டால் வரி கிடையாது. வியாதிக்கு அந்த வசதி இல்லை. இதையெல்லாம் உங்கள் பதிவில் சேர்த்தால் படிக்கிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

3. ஐந்து ரூபாய் பாக்கெட்டை உற்றுப் பார்க்காதீர்கள்

பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, அதைச் சொல்கிறேன். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மொத்த விவாதமும் கலைந்துவிடும்.

காரணம் எளிது. அந்தப் பாக்கெட்டின் விலை ஏறுவதே இல்லை. ஐந்து ரூபாய் என்பது ஒரு நாணயம், அதைக் குழந்தையின் உள்ளங்கையில் வைக்கலாம். ஐந்தரை ரூபாயை வைக்க முடியாது. கம்பெனிக்காரர்களுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால் கிழங்கு விலை ஏறினாலும், எண்ணெய் விலை ஏறினாலும், வரி ஏறினாலும் முன்பக்கம் ஐந்து ஐந்தாகவே இருக்கும்; பின்பக்கம் பொடி எழுத்தில் கிராம் மட்டும் குறையும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்தபோது நடந்தது இதன் தலைகீழ். சிறிய பாக்கெட்டுகளில் கம்பெனிகள் விலையைப் பிடித்துக்கொண்டு கிராமைக் கூட்டின. பெரிய குடும்பப் பாக்கெட் வாங்குகிறவர் வரியை ரூபாயில் பார்க்கிறார். பெட்டிக்கடையில் நிற்கும் பையன் அதைக் கிராமில் சாப்பிடுகிறான், அல்லது சாப்பிடாமல் விடுகிறான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். "விலை ஏறினால் ஏழையால் வாங்க முடியாது" என்ற உங்கள் வாதமும் இதில் படுத்துவிடுகிறது. "விலை ஏறினால் ஏழை வாங்குவதைக் குறைப்பான்" என்ற எதிராளியின் வாதமும் படுத்துவிடுகிறது. காசு கொடுப்பவனுக்குத் தெரியாமல் அவனிடமிருந்து போகிற வரி இது. சுமையும் தெரியாது, எச்சரிக்கையும் தெரியாது. வரியால் பாக்கெட்டில் நாலு சிப்ஸ் குறைந்தால் அது ஏழைக்கு நஷ்டமா, அவன் ரத்த அழுத்தத்துக்கு லாபமா என்று ஒருவர் கேட்டுவிட்டால் இரண்டு அணியும் டீ குடிக்கப் போக வேண்டியதுதான்.

விலைக்கு வரி போடாமல் சர்க்கரைக்கு வரி போடலாமே என்று கேட்கும் அதிகப்பிரசங்கிகள் உண்டு. பிரிட்டனில் அப்படித்தான் செய்தார்கள். 100 மில்லி பானத்தில் 5 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு வரி, 8 கிராம் இருந்தால் அதைவிடப் பெரிய வரி, 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை. 2016இல் அறிவித்தார்கள், 2018 ஏப்ரலில் அமலாக்கினார்கள். அந்த இரண்டு வருஷ இடைவெளியில் பல கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்து வரிக்குக் கீழே இறங்கிவிட்டன. வாங்குகிறவன் பையில் கைவைக்காமல் தொழிற்சாலையின் செய்முறையில் கைவைத்த வரி. உங்களுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அழ இடமே கொடுக்காத உதாரணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

4. வெளிநாட்டை அளந்து போடுங்கள்

டென்மார்க்கைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 2011 அக்டோபரில் கொழுப்புக்கு வரி போட்டார்கள். ஜனங்கள் எல்லை தாண்டிப் போய் வெண்ணெய் வாங்கினார்கள். 2013 பிறப்பதற்குள் வரியைத் தூக்கிவிட்டார்கள். கச்சிதமான கதை.

மெக்சிகோவிடம் ஜாக்கிரதையாக இருங்கள். 2014 ஜனவரியில் சர்க்கரை போட்ட பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோவும், 100 கிராமில் 275 கலோரிக்கு மேல் உள்ள தின்பண்டங்களுக்கு 8 சதவீதமும் போட்டார்கள். முதல் வருஷத்தில் வரி போட்ட பானங்களின் விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதிகமாகக் குறைத்துக்கொண்டது ஏழைக் குடும்பங்கள். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் இரட்டைப்பூட்டு முறையைக் கையாளுங்கள். ஏழை குறைத்துக்கொண்டால், "அவனுக்கு இருந்த ஒரே சந்தோஷத்தையும் பிடுங்கிவிட்டீர்களே" என்று அழுங்கள். குறைக்காமல் தொடர்ந்து குடித்தால், "அவன் வயிற்றில் அடித்து வரி வாங்குகிறீர்களே" என்று அழுங்கள். எந்த முடிவு வந்தாலும் உங்கள் கண்ணீர் வீணாகாது.

மெக்சிகோவில் பல ஊர்களில் நம்பிக் குடிக்கக் குழாய்த் தண்ணீர் கிடையாது, கோலா கிடைக்கிற அளவுக்கு நல்ல தண்ணீர் கிடைப்பதில்லை. வரிப்பணத்தில் பள்ளிக்கூடங்களில் குடிநீர்க் குழாய் போடுவோம் என்று அங்கே வாக்குக் கொடுத்தது இதனால்தான். தண்ணீர் இல்லாத ஊரில் கோலாவுக்கு வரி போடுவது நியாயமா என்பது உண்மையிலேயே நல்ல கேள்வி. நல்ல கேள்வி என்பதாலேயே அதை விட்டுவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

5. வரி அட்டவணையைக் காட்டிச் சிரிக்கவையுங்கள்

அழுகை அலுத்துவிட்டால் சிரிப்பு. இதற்கு நம் நாட்டில் பஞ்சமே இல்லை. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், உப்புப் போட்ட பாப்கார்ன் உதிரியாக விற்றால் 5 சதவீதம், அதையே பாக்கெட் போட்டால் 12, கேரமல் பூசினால் 18 என்று விளக்கம் கொடுத்தது. சப்பாத்தியும் பரோட்டாவும் ஒரே சாதியா என்று கர்நாடகத்தில் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையமும் கேரளத்தில் உயர் நீதிமன்றமும் வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கின்றன. பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று கோயம்புத்தூரில் ஓர் ஓட்டல்காரர் நிதியமைச்சரிடமே சொன்னார், ஊரே சிரித்தது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது, அதை யாரும் சிரிப்புக் கணக்கில் சேர்க்கவில்லை.

கேரளத்தின் 2016 'கொழுப்பு வரி'யை இங்கே சேர்த்துவிடலாம். நிதியமைச்சர் தாமஸ் ஐசக் பீட்சா, பர்கர், பாஸ்தா வகைகளுக்கு 14.5 சதவீதம் போட்டார். பிராண்டு பெயர் உள்ள கடைகளுக்கு மட்டும். தட்டுக்கடைப் பரோட்டாவைத் தொடவில்லை. ஏழையின் மேல் ஒரு பைசா விழாதபடி பார்த்துச் செய்த வரி, அதனாலேயே ஏழையின் உடம்புக்கும் ஒன்றும் செய்யாத வரி. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி வந்து அதை விழுங்கிவிட்டது.

சிரித்து முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். 2025 ஜனவரியில் கூட்டலாம் என்று யோசித்த அதே தின்பண்டங்களுக்கு, செப்டம்பரில் 12, 18 என்று இருந்த வரி 5 ஆக இறங்கியது. சிப்ஸ், மிக்ஸர், பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ் எல்லாமே. அன்று ஏழைக்காக நீங்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டீர்களா? இல்லை. ஏசியும் காரும் எவ்வளவு குறையும் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது, அப்படியும் ஏழை ஏன் கேரட்டை விட்டுவிட்டு பிஸ்கட் வாங்குகிறான் என்று யாராவது கேட்டால் சட்டென்று எழுந்து போய்விடுங்கள். கேரட்டுக்கு அடுப்பும் நேரமும் வேண்டும், வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில் அது இரண்டாம் நாள் வாடும், பிஸ்கட் ஆறு மாதம் கெடாது என்றெல்லாம் பதில் சொல்ல வேண்டி வரும்.

6. அழ வேண்டிய இடத்தையும் அழக் கூடாத இடத்தையும் பிரியுங்கள்

ஏழையின் மேல் விழும் எல்லா வரிக்கும் அழுதால் கண் வீங்கிவிடும். டாஸ்மாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24இல் அதன் மூலம் தமிழக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குவார்ட்டர் பாட்டிலுக்குள் இருக்கும் வரியில் பெரும்பங்கு யாருடைய சட்டைப் பையிலிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே மௌனம் காக்கவும். பீடிக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளவும். 2025 ஜிஎஸ்டி மாற்றத்தில் சிகரெட்டுக்கு 40 சதவீதப் பட்டியலில் இடம் ஒதுக்கினார்கள், பீடிக்கு 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறக்கினார்கள். ஏழை மலிவாகப் புகைக்கும் உரிமை பாதுகாக்கப்பட்டது. பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு இதில் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். அந்தப் பெண்களின் கூலி இதனால் ஏறியதா என்று மட்டும் விசாரிக்காதீர்கள்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை யாராவது இழுத்தால், ஓநாயின் மனசு யாருக்குப் புரியும் என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

7. எதிரணியில் இருப்பவர்களுக்கு

வரி போட்டே தீர வேண்டும் என்கிறவரா நீங்கள்? வாருங்கள், உங்களை விட்டுவிடுவேனா? உங்கள் ஆயுதம் அறிவுரை. வரகு, சாமை, தினை என்று தொடங்குங்கள். இலவச ரேஷன் அரிசியை விட்டுவிட்டு, இயற்கை அங்காடியில் பொன்னி அரிசியைவிட அதிக விலைக்கு விற்கும் சிறுதானியத்துக்கு அந்தக் குடும்பம் ஏன் மாறவில்லை என்று உண்மையிலேயே வியந்து பேசுங்கள். 'நம் தாத்தா பாட்டி' என்ற சொற்களை ஒவ்வொரு பத்தியிலும் ஒருமுறை சேருங்கள். அவர்கள் வயலுக்கு நடந்து போனதைச் சொல்லுங்கள். கட்டட வேலைக்காரர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு போவதைச் சொல்லாதீர்கள்.

பதினோரு மணிக்குச் சாரத்திலிருந்து இறங்கும் சித்தாளுக்கு ஒரு டீயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்தான் மதியம் வரை தாங்குகிறது. அதற்கு நொறுக்குத் தீனி என்று பெயர் வைத்துவிடுங்கள், வேலை சுலபமாகும். அவர் அதை நொறுக்குத் தீனியாகவா சாப்பிடுகிறார், சாப்பாடாகவா என்று வரி அட்டவணையில் கட்டம் கிடையாது.

ரேஷன் கடைப் பக்கம் திரும்பவே வேண்டாம். அங்கே பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. துவரம்பருப்பும் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். ஆனாலும் எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ஒரு கையால் மானியம் கொடுத்துவிட்டு, அந்த இரண்டும் சேர்ந்த பண்டத்துக்கு மறு கையால் வரி போடுவதை எப்படி விளக்கப் போகிறீர்கள்? பள்ளிக்கூடத்தில் காலைச் சிற்றுண்டி போடுகிறார்களே, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது, அதையும் பேச்சில் கொண்டுவராதீர்கள். பொங்கலும் கிச்சடியும் சூடாகப் பரிமாறினால் பிள்ளை காலையில் பாக்கெட் கேட்பது குறையுமே என்று யாருக்காவது தோன்றிவிடலாம். வரி போட்டுத் தடுப்பதைவிடச் சோறு போடுவது நல்லது என்று ஆகிவிட்டால் உங்கள் சொற்பொழிவை யார் கேட்பார்கள்?

8. பணம் எங்கே போகிறது என்று கேட்கவே கேட்காதீர்கள்

இதுதான் உயிர்நாடி. இரண்டு அணியும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தால்தான் விவாதம் தலைமுறை தலைமுறையாக நடக்கும்.

கூல்டிரிங்ஸுக்கு 2017 ஜூலையிலிருந்து 28 சதவீத ஜிஎஸ்டி, அதன் மேல் 12 சதவீத செஸ். கூட்டினால் 40. அந்த 12 எதற்காக? சர்க்கரை நோய் மருந்துக்கா, பள்ளிக்கூட மைதானத்துக்கா? ஜிஎஸ்டி வந்ததால் மாநிலங்களுக்கு ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்ட. கொரோனா காலத்தில் அந்த இழப்பீட்டுக்காகக் கடன் வாங்கினார்கள், கடனை அடைக்க செஸ்ஸை நீட்டித்தார்கள். வெயிலில் மூட்டை தூக்கிவிட்டு ஒரு பாட்டில் வாங்கிக் குடித்த மனிதர், மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடுவில் இருந்த பாக்கியைத் தீர்த்துவைத்திருக்கிறார். இப்போது செஸ் போய் ஒரே வரியாக 40 நிற்கிறது. அவர் குடிக்கும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது.

பிலடெல்பியா நகரத்தை யாராவது கொண்டுவருவார்கள். 2017 ஜனவரியில் அங்கே இனிப்புப் பானங்களுக்கு அவுன்ஸுக்கு ஒன்றரை சென்ட் வரி வந்தது. ஏழைகள் நிறைந்த நகரம். இது ஏழைகளை அதிகம் அழுத்தும் வரி என்று பெர்னி சாண்டர்ஸ் எதிர்த்தார். பணக்காரர்மேல் வரி போடச் சொல்லி ஆயுசு முழுக்கப் பேசியவர், அவர் அழுகையைச் சந்தேகிக்க முடியாது. மேயரோ உடம்பைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. அந்தப் பணத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு இலவச மழலைப் பள்ளி நடத்துவேன், பூங்காவும் நூலகமும் பழுது பார்ப்பேன் என்றார். வாங்குவது யாரிடம், திரும்பக் கொடுப்பது யாருக்கு என்று இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதினால் யார் சுமக்கிறார்கள் என்ற கணக்கே மாறிவிடுகிறது. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் நவாஹோ பழங்குடியினருக்கு என்று தனி ஆட்சிப் பகுதி இருக்கிறது. பெரிய நிலப்பரப்பு, விரல்விட்டு எண்ணக்கூடிய மளிகைக் கடைகள், நிறைய வறுமை, நிறைய சர்க்கரை நோய். அங்கே உள்ளூர்க்காரர்களே சேர்ந்து, தங்கள் மேலேயே நொறுக்குத் தீனி வரி போடச் சொல்லிக் கேட்டார்கள். அவர்கள் தலைவர் முதலில் கையெழுத்துப் போட மறுத்தார். விடவில்லை. 2014 நவம்பரில் சட்டம் நிறைவேறியது, 2015 ஏப்ரலிலிருந்து நொறுக்குத் தீனிக்கும் இனிப்புப் பானத்துக்கும் 2 சதவீதம் கூடுதல். கூடவே, காய்கறி பழத்துக்கு இருந்த 5 சதவீத விற்பனை வரி நீக்கம். வசூலான பணம் தலைநகருக்குப் போய்ச் சேராமல் அந்தந்த ஊர்ச் சபைகளுக்கே திரும்பி வந்து, தோட்டம் போடவும் நடைபாதை அமைக்கவும் சமையல் வகுப்பு நடத்தவும் செலவானது. ஏழைக்காக யாரும் அழவில்லை, ஏழையே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான்.

உங்கள் குழுவில் யாராவது இந்தச் செய்தியைப் போட்டால் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கம் நாலைந்தை அடுத்தடுத்து அனுப்பிவிடுங்கள். செய்தி மேலே போய்விடும்.